இந்திராபுரம் வீடு விஷயமாக

கும்பகோணம்

அன்புள்ள கண்ணனுக்கு,

ஆசீர்வாதம். தில்லியை ஒட்டி, உத்தரப் பிரதேசத்து காஜியாபாத்தில் இருக்கும் இந்திராபுரத்தில் வீடு பார்த்திருப்பதாக நீ போனில் சொன்னதிலிருந்து அம்மா பூஜை அலமாரியை எங்கே வைப்பது என்று படம் போட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அந்தப் பழைய ஸ்கூட்டர் ஞாபகம்தான் வந்தது.

1994-ல் நாம் தில்லியில் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நீ கைக்குழந்தை. காஜியாபாத் நண்பர் வீட்டுக்குப் போய்த் திரும்புகையில், தில்லி, உத்தரப் பிரதேச (யூ.பி.) பார்டரை ஒட்டி ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்தேன். வந்து பார்த்தால் வண்டி இல்லை. யூ.பி. போலீஸ் ஸ்டேஷனில் "அது தில்லி" என்றார்கள். தில்லிக்காரர்கள் "அது யூ.பி." என்றார்கள். மரம் சாக்கடைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று இரண்டு இடத்திலும் குடைந்தார்களே தவிர, வண்டி நம்பரை யாரும் கேட்கவில்லை. இப்போது எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கியே ஆக வேண்டும் என்று 2024 ஜூலையில் வந்த சட்டம் சொல்கிறதாம். சொல்லட்டும்.

தேசியத் தலைநகர் வலயம் என்று 1985-லேயே சட்டம் போட்டு வாரியம் அமைத்தார்கள். தில்லி, ஹரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தானின் அல்வர், பரத்பூர் வரை சுமார் 55,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஐந்தில் இரண்டு பங்கு. திட்டம்தான் பொது. போலீஸ், கரண்ட், வீட்டு வரி எல்லாம் அவரவர் பாடு. மெட்ரோ ஒன்றுதான் இதைக் கண்டுகொள்வதில்லை. யூ.பி.யின் வைஷாலியில் ஏறி தில்லி ராஜீவ் சவுக்கில் மாறி ஹரியானாவின் குருகிராமில் இறங்கினால், ஒரே கார்டில் மூன்று அரசாங்கத்தைத் தாண்டிவிடுவாய். ஆனால் 2020 கொரோனா காலத்தை மறந்துவிடாதே. ஏப்ரலில் யூ.பி. பக்கத்து நொய்டாக்காரர்கள் தில்லி பார்டரை மூடினார்கள், ஜூன் 1 முதல் ஒரு வாரம் தில்லியே மூடிக்கொண்டது. அன்று வீடு ஒரு பக்கம், ஆபீஸ் ஒரு பக்கம் என்றிருந்தவர்கள் பாஸுக்கு அலைந்தார்கள்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. அட்வான்ஸ் கொடுக்குமுன் இரண்டு விஷயம் கேள். அந்தக் குடியிருப்பு மாநகராட்சி கைக்கு வந்துவிட்டதா, இன்னும் வளர்ச்சி ஆணையத்திடமே இருக்கிறதா? இரண்டுங்கெட்டானாக இருந்தால் தெருவிளக்கு எரியவில்லை என்று யாரிடம் போய் நிற்பாய்? குழாயில் வருவது கங்கைத் தண்ணீரா, போர்வெல்லா? பிறகு தில்லியில் பதிவான உன் டி.எல். நம்பர் கார்: யூ.பி.யில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குத் தில்லியிலிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும். லீவு எடுத்துக்கொண்டு போ, அரை நாளில் முடியாது.

பத்திர நகலைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துத் தபாலில் அனுப்பு. போனில் படித்தால் கண் வலிக்கிறது. பால்கனி கிழக்குப் பார்த்ததா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா