புகார் உரிமைக்கு வரையறை தேவை

ஐயா,

மதமாற்றத் தடைச் சட்டங்கள் குறித்த தங்கள் தலையங்கம் படித்தேன். உத்தரப் பிரதேசம் தன் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தை 2024இல் திருத்தி, யார் வேண்டுமானாலும் புகார் அளிக்கலாம் என்று ஆக்கியதே பெருங்கேடு. அதிகபட்சத் தண்டனையோ ஆயுள் சிறை. கட்டாயமும் ஏமாற்றும் குற்றம்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால், அரசமைப்பின் 25ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையையும் தந்திருக்கையில், தான் நம்புவதை அண்டை வீட்டாரிடம் சொல்ல ஒருவர் ஏன் அஞ்ச வேண்டும்?

அம்மாநிலத்தில் பணிபுரியும் எங்கள் சபைக் குடும்பம் ஒன்று, மிரட்டலுக்குப் பின் வீட்டு ஜெபக்கூட்டத்தையே நிறுத்திவிட்டது. அவர்கள் துணிந்து மீண்டும் கூட வேண்டும் என்றே ஜெபிக்கிறேன். புகார் உரிமையை முன்போலப் பாதிக்கப்பட்டவருக்கும் அவருடைய உறவினருக்கும் மட்டும் என வரையறுக்க வேண்டும். முதற்கட்ட விசாரணையின்றிக் கைது செய்யக் கூடாது.

– வாசகர், நாகர்கோவில்