அண்ணே, அது வெள்ளத்தில் போகவில்லை

அண்ணே,

போன வாரம் ஆசாரி வந்து அலமாரிக்கு அளவெடுத்ததைச் சொன்னாய். "அந்த தொடர்கதை பைண்டிங் எல்லாம் இருந்திருந்தா இப்ப ஒண்ணொண்ணா எடுத்துப் படிப்பேன். எல்லாத்தையும் வெள்ளம் கொண்டுபோயிருச்சு" என்றாய். நான் பதில் சொல்லாமல் மதினியிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். நாளைக்கு ஜூலை 26. 2005 மும்பை வெள்ளம் வந்து 20 வருஷம் ஆகிறது.

அது வெள்ளத்தில் போகவில்லை.

போனில் சொல்லலாம் என்று நாலு தடவை எடுத்தேன், வாய் வரவில்லை. இங்கே எழுதினால் சொந்தக்காரர்களும் படிப்பார்கள். அதனால் சிலதை விட்டுவிடுகிறேன். விட்டது எது என்று உனக்குத் தெரியும்.

அந்த ராத்திரியை நான் உனக்குச் சரியாகச் சொன்னதே இல்லை. சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை என்பதெல்லாம் அப்புறம் பேப்பரில் பார்த்தது. மத்தியானம் வாசல்படியில் நின்ற தண்ணீர், விளக்கு வைக்கிற நேரத்தில் என் இடுப்பில் இருந்தது. மித்தி ஆறும் தாராவிச் சாக்கடையும் ஒன்றாகிவிட்ட தண்ணீர். லோக்கல் ரயில் ஓடவில்லை, அவர் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. ரேஷன் கார்டை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, பிள்ளைகள் இரண்டையும் பரணில் ஏற்றினேன். பரணில் இடம் ஏது? நீ அடுக்கிவிட்டுப் போன கட்டுகள்தான். அவற்றின் மேல் பழைய சேலையை விரித்துப் படுக்கவைத்தேன். "மாமா புஸ்தகத்து மேல கால் படுதேம்மா, சாமி கோவிக்காதா?" என்று சின்னவள் கேட்டாள். கோவிக்காது, தூங்கு என்றேன். ஏணியில் உட்கார்ந்து, கால் இரண்டும் தண்ணீருக்குள், விடியும்வரை அப்படியே இருந்தேன். இருட்டில் பைண்டிங் வாடை வந்துகொண்டே இருந்தது. மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்தால் பூச்சி அண்டாது என்று பைண்டர் சொன்னாரே, அந்த வாடை. பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லாமல் ஒரு வால்யூமின் காலிகோ துணி ஒட்டிய முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவைதான் என் பிள்ளைகளைத் தாங்கின, அண்ணே. ஒரு தாள்கூட நனையவில்லை.

நாலாம் நாள் மஸ்கட்டிலிருந்து உன் போன். "எல்லாரும் நல்லா இருக்கீங்கல்ல?" என்றாய். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள், "பரண்ல இருந்த புஸ்தகம்?" என்றாய். பெரியவனுக்கு நெருப்பாய்க் காய்ச்சல். பிள்ளைகள் எங்கே தூங்கினார்கள் என்று நீ கேட்கவில்லை. "எல்லாம் போச்சு" என்று சொல்லிவிட்டேன்.

சொன்னதை அப்புறம் உண்மையாக்க வேண்டியிருந்தது. தீபாவளிக்கு நீ வருவதாகத் தெரிந்ததும் பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டேன். என்ன விலைக்குப் போட்டேன் என்பதை எழுத மனசு வரவில்லை.

தப்புதான். மன்னித்துவிடு. ஆனால் பத்துக்குப் பத்து அறையில் உன் கட்டுகள் 14 வருஷம் இருந்தன, "கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்ற ஒரு வார்த்தையில். உன் வீட்டில் ஏன் வைக்கவில்லை என்ற கதைக்குள் நான் போகவில்லை. எட்டாவதோடு என் படிப்பை நிறுத்தியபோது அப்பாவிடம் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம் பேசியது, "கை கழுவிட்டுத் தொடு". கழுவிவிட்டுத்தான் தொட்டேன். மாட்டுங்காவிலிருந்து வாரப் பத்திரிகைகளை வாங்கி வந்து, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்து நீ அடுக்குவாய். நான் கோணியூசியில் நூல் கோத்துத் தருவேன். எனக்குக் கிடைத்த படிப்பு அதுதான். அதை நீ கொடுத்தாய், அதையும் மறக்கவில்லை.

ஒரு வால்யூமை மட்டும் போடவில்லை. என் கையெழுத்து இருக்கிற வால்யூம். அந்த வாரத்து இதழ் தொலைந்துபோய், எதிர்வீட்டு அத்தையிடம் நீ இரவல் வாங்கிப் படித்துவிட்டு, சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுக்கணும், ஒரு வரி விடாமல் எழுதி வை என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாய். எனக்கு 11 வயது. திரும்பி வந்து "எல்லாம் எழுதிட்டியா?" என்றாய். எழுதிட்டேன் என்றேன்.

எழுதவில்லை. மகள் ரயிலேறிப் போன பிறகு அந்த அம்மா தனியாக அடுப்படியில் உட்கார்ந்து தனக்குத்தானே பேசிக்கொள்வாளே, அந்தப் பக்கங்களை விட்டுவிட்டேன். அவளுக்கு என்ன, கிழவி, எதையோ புலம்புகிறாள் என்று தோன்றியது. அவனும் இவளும் பேசியதை மட்டும் குண்டு குண்டாக எழுதி வைத்தேன்.

இப்போது எனக்கு வெள்ளெழுத்து. நாலு பக்கம் படித்தால் கண்ணில் நீர் கட்டிக்கொள்கிறது. சின்னவளும் கல்யாணமாகிப் போய்விட்டாள். போன வாரம் உன்னோடு பேசிய ராத்திரி அந்த வால்யூமை எடுத்தேன். தாள் பழுப்பேறி, புரட்டினால் ஓரம் உதிர்கிறது. என் கையெழுத்துப் பக்கங்கள் மட்டும் நோட்டுத்தாள் என்பதால் திடமாக இருக்கின்றன. நான் தேடியது அந்த அம்மாவை. அவள் அடுப்படிக்குப் போகிறாள், அதோடு என் எழுத்து அடுத்த காட்சிக்குத் தாவிவிடுகிறது.

வால்யூமைப் பார்சலில் அனுப்பு என்று சொல்லாதே, ஊர் வந்து சேராது, உதிர்ந்துவிடும். கோபம் ஆறினால் இங்கே வந்து படி. ஆறாவிட்டாலும் இதற்கு மட்டும் பதில் போடு. அன்றைக்கு அந்த இதழை நீ முழுசாகப் படித்தாய் அல்லவா? அடுப்படியில் உட்கார்ந்து அவள் என்னதான் சொன்னாள்?