அந்த 2 நொடிக்கு முன்னால் நடந்தவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெக்சிகோவின் குத்துச்சண்டை வீரர் ஹூலியோ சீசர் சாவேஸைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரை, 1990 மார்ச் 17 அன்று லாஸ் வேகாசில் மெல்ட்ரிக் டெய்லரை அவர் வென்றதை நடுவரின் தயவில் கிடைத்த அதிர்ஷ்டம் என்று கூறுகிறது. அந்தப் போட்டியின் 12 சுற்றுகளையும் ஒளிப்பதிவில் பலமுறை பார்த்தவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க இயலவில்லை.

புள்ளிகளில் டெய்லர் முந்தியிருந்தார் என்பது உண்மைதான். தீர்ப்பாளர்கள் மூவரில் இருவர் 107-102, 108-101 என்று அவருக்கே எழுதியிருந்தார்கள். கடைசி மணி வரை தாக்குப்பிடித்திருந்தால் வெற்றி அவருடையது. ஆனால், கைவேகத்தால் சுற்றுகளை வென்றுகொண்டே வந்த டெய்லரின் முகம் சுற்றுக்குச் சுற்று வீங்கியதையும், முக எலும்பு முறிந்து, வாய்க்குள் வழிந்த இரத்தத்தை விழுங்கியபடியே அவர் ஆடியதையும் கட்டுரை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. சாவேஸ் எண்ணிக்கையில் குறைவாகவே குத்தினார். ஆனால் அந்தக் குத்துகள் விலாவிலும் தாடையிலும் ஆழமாக இறங்கின. கடைசிச் சுற்றில் வலக்கைக் குத்து வாங்கி விழுந்து எழுந்த டெய்லரிடம், நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் எட்டு வரை எண்ணிய பின் நலமா என்று கேட்டார், பதில் வரவில்லை. 2 நொடி மிச்சமிருக்க ஆட்டம் நிறுத்தப்பட்டு, சாவேஸ் வென்றதாக அறிவிக்கப்பட்டது. எஞ்சிய நேரத்தை எண்ணிப் பார்த்து ஒரு வீரரின் உயிரைப் பணயம் வைக்க எந்த நடுவருக்கும் உரிமையில்லை. 1994இல் இருவரும் மீண்டும் மோதியபோது, சாவேஸுக்கு எட்டுச் சுற்றே போதுமானதாக இருந்தது.

அதிர்ஷ்டம் என்ற சொல்லை எழுதத்தான் வேண்டும் என்றால், 1993 செப்டம்பரில் சான் அந்தோனியோவில் பெர்னல் விட்டேக்கருடன் நடந்த போட்டிக்கு எழுதியிருக்கலாம். 87 வெற்றிகளோடு, தோல்வியே அறியாமல் வந்த சாவேஸை அன்று விட்டேக்கர் தெளிவாக வென்றார் என்பதே சாவேஸைப் போற்றும் என் கணிப்பும். தீர்ப்போ சமன் என்று வந்தது. நான்கு மாதம் கழித்து பிராங்கி ராண்டாலிடம் அடைந்த தோல்வியே ஏட்டில் முதல் தோல்வியாக நிற்கிறது. இதனால் சாவேஸின் தகுதி குறைந்துவிடாது. குலியாகானில் ரயில்வே தொழிலாளியின் மகனாகக் கைவிடப்பட்ட ரயில் பெட்டியில் வளர்ந்து, மூன்று எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றவர் அவர். 1993இல் மெக்சிகோ நகரின் அஸ்டெகா அரங்கில் அவர் ஆட்டத்தைக் காண 1,30,000 பேருக்கு மேல் திரண்டார்கள்.

கடலூர் முதுநகரில் என்னிடம் மாலையில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, “நடுவர் நிறுத்தாவிட்டால் சாவேஸ் தோற்றிருப்பார்தானே, சார்?” என்று கேட்டார்கள். ஆம், தோற்றிருப்பார் என்றே பதில் சொன்னேன். அதன்பின் அந்த ஒளிப்பதிவை முதல் சுற்றிலிருந்து போட்டுக் காட்டினேன். இக்கடிதத்தைத் தாங்கள் வெளியிட்டால், அதையும் அவர்களுக்குப் படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கடலூர் முதுநகர்.