எல்லாப் பள்ளிக்கும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு நன்றி

கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரத் தமிழ்ப் பெற்றோருக்கும், ஊரிலிருந்து வந்திருந்த தாத்தா பாட்டிகளுக்கும், வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இல்லாமலேயே கைகொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம்.

எலிசபெத் ஏரியைச் சுற்றி நடந்து நாம் திரட்டிய பணமும், வீடு வீடாகக் கேட்டு வாங்கிய இசைக்கருவிகளும் ஊரின் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் நடத்தும் கல்வி மாவட்டத்துக்குத் துணைநிற்கும் அறக்கட்டளையிடம் முழுமையாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. கொடுத்த ஒவ்வொருவருக்கும் நன்றி. அதைவிடப் பெரிய நன்றி ஒன்று பாக்கி இருக்கிறது. "என் பிள்ளை படிக்கும் பள்ளிக்கு மட்டும்" என்று உங்களில் ஒருவர்கூட எழுதிக் கேட்கவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

அது லேசான முடிவு அல்ல. பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்குக் கொடுக்கும் பணம் அந்தப் பள்ளியின் வாசலைத் தாண்டாது. நல்ல சம்பளக்காரர்கள் வாழும் தெருக்களில் அந்தக் கழகம் செழிக்கும். இரண்டு வேலை பார்த்து வாடகை கட்டும் பெற்றோர் நிறைந்த பகுதியில் அதே கழகம் தள்ளாடும். ஒரே மாவட்டம், ஒரே பாடத்திட்டம், ஆனால் ஒரு பள்ளியில் எல்லாம் இருக்கும், இன்னொன்றில் பாதிதான் இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கச் சாண்டா மோனிகா–மாலிபு கல்வி மாவட்டம் 2011இல் நிதி திரட்டலை எல்லாப் பள்ளிக்கும் பொதுவாக்க முடிவெடுத்தபோது, வசதி மிக்க மாலிபுப் பெற்றோர் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். அங்கே அவ்வளவு சண்டைக்கு இடமளித்த விஷயத்துக்கு இங்கே நீங்கள் மனமுவந்து தலையசைத்தீர்கள்.

சம்மதம் பிறந்த அந்த மாலைக் கூட்டத்தை நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன். "நாம் கொடுப்பது நம் பிள்ளைக்கு வராதா?" என்று ஒரு தந்தை கேட்டார். நியாயமான கேள்விதான். மகள் வீட்டுக்கு வந்திருந்த பட்டுக்கோட்டை ஐயா பின்வரிசையிலிருந்து எழுந்தார். "எங்கள் ஊரில் அம்மன் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவோம் தம்பி. அதிகம் கொடுத்தவன் தெருவுக்கு மட்டுமா தேர் போகிறது?" என்றார். அதன்பிறகு அந்தக் கேள்வியை யாரும் எழுப்பவில்லை. ஐயா, உங்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

கோடி கோடியாகப் பணம் புழங்கும் சிலிக்கான் பள்ளத்தாக்கின் ஓரத்தில் பள்ளிக்கு எதற்கு நன்கொடை என்று ஊரிலிருந்து வரும் உறவினர்கள் கேட்கிறார்கள். உங்களிடமும் கேட்டிருப்பார்கள். 1978 ஜூனில் கலிபோர்னியா வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு, சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதமாகக் கட்டிப்போட்டது. வீடு கைமாறாத வரை அந்த மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. அதோடு பள்ளிகளின் பணப்பை பெரும்பாலும் மாநிலத்தின் கைக்குப் போனது. 2013இல் வந்த நிதிப் பகிர்வு முறை, ஏழைப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள், வளர்ப்புக் குடும்பங்களில் வாழும் பிள்ளைகள் ஆகியோருக்காக மாவட்டங்களுக்குக் கூடுதல் தொகை தருகிறது. அதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். ஆனால் வாழ்க்கைச் செலவு அந்தக் கணக்கில் இல்லை. நாம் வாழும் விரிகுடாப் பகுதியில் ஒரு மாணவருக்கு வரும் அடிப்படைத் தொகைதான் வாடகை குறைந்த மத்தியப் பள்ளத்தாக்கிலும் வருகிறது. சொத்து மதிப்பைச் சாராத மனை வரியை உள்ளூரிலேயே போட்டுச் சரிக்கட்டலாம் என்று மாவட்டம் நினைத்தால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். இந்த இடைவெளியில் நின்றுதான் இம்மாநிலத்தின் கல்வி அறக்கட்டளைகள் பாடுபடுகின்றன.

இசைக்கருவிகளை ஏன் கேட்டோம் என்பதற்கும் காரணம் உண்டு. கருவிக்கோ வாத்தியக் குழுவுக்கோ அரசுப் பள்ளி மாணவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. 1984இல் மாநில உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்பளித்தது. மிக நல்ல தீர்ப்பு. 2022இல் வாக்காளர்கள் ஏற்ற 28ஆம் முன்மொழிவால் கலைக்கும் இசைக்கும் தனிப்பணம் வருகிறது. ஆனால் நம்முடையதைப் போன்ற மாவட்டங்கள் அதில் குறைந்தது 80 சதவீதத்தைப் பணியாளர்களுக்கே செலவிட வேண்டும். ஆக, ஆசிரியர் வந்துவிடுகிறார். அவர் முன்னால் உட்காரும் பிள்ளையின் கையில் கொடுக்கக் கிளாரினெட் போதவில்லை.

நீங்கள் கொண்டுவந்து குவித்தவற்றில் கிளாரினெட்டே அதிகம். பிள்ளைகள் கல்லூரிக்குப் போன வீடுகளின் கராஜ்களில் அவை ஆண்டுக்கணக்காகத் தூங்கியிருக்கின்றன. துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தும் இடத்தில் சுற்றியிருக்கும் தக்கை காய்ந்து உதிர்ந்திருந்தது. விசைகளுக்கு அடியிலிருக்கும் சிறு வட்டுகள் கிழிந்து காற்று கசிந்தது. ஊதினால் கீச்சென்ற சத்தம்தான் வந்தது. பழுதுபார்ப்பவர் ஒருவர் வட்டுகளுக்கு மட்டும் விலை வாங்கிக்கொண்டு, கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெட்டிகளைச் சரிசெய்யும் வேலையைப் பட்டுக்கோட்டை ஐயா எடுத்துக்கொண்டார். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் ஓய்வு பெறும்வரை பஸ் இருக்கை தைத்த கைகள் அவை. மெழுகு தேய்த்த நூலால் பிடிகளைத் தைத்தார், துருப்பிடித்த கொக்கிகளைத் தேய்த்து எண்ணெய் விட்டார், கிழிந்த உள்துணியை ஒட்டினார். திருவிழாக்களில் ஏ.கே.சி. நடராஜனின் கிளாரினெட்டைக் கேட்டு வளர்ந்தவராம்; வேலை முடியும்வரை அந்தப் பேச்சுதான். பாட்டிகள் இருவர் புதிய சீவாளிகளை எண்ணி, பெட்டிக்கு இரண்டாகப் போட்டு, ஒவ்வொரு பெட்டியின் மேலும் பள்ளியின் பெயரை ஒட்டினார்கள். தொடக்க நிலைப் பிள்ளைகளுக்கு மென்மையான 2ஆம் எண் சீவாளிதான் ஊத எளிது என்று ஆசிரியர் சொன்னதை அவர்கள் மறக்கவே இல்லை. வேறு எண்ணை யாராவது எடுத்தால் உடனே தடுத்தார்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நடைப்பயணத்தன்று சூடான ரொட்டியைக் கூடை கூடையாக அனுப்பிய சென்டர்வில் ஆப்கன் கடைக்காரர் குடும்பத்துக்கு நன்றி. அறிவிப்பை ஸ்பானிய மொழியிலும் சீனத்திலும் எழுதித் தந்த தாய்மார்களுக்கு நன்றி. குப்பைப் பைகளை நாங்கள் தேடும் முன்பே விரித்து வைத்திருந்த பள்ளித் துப்புரவுப் பணியாளருக்கு நன்றி. அன்று அவருக்கு விடுமுறை நாள்.

இந்தியப் பயணத்தைப் பள்ளி விடுமுறைக்குள் அடக்கிக்கொண்ட குடும்பங்களுக்கும் நன்றி சொல்கிறேன். இதற்கும் பள்ளிப் பணத்துக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். கலிபோர்னியா, பதிவேட்டிலுள்ள மாணவர் எண்ணிக்கைக்குப் பணம் தருவதில்லை; சராசரி தினசரி வருகைக்கே தருகிறது. பிள்ளை வராத நாளில் மாவட்டத்துக்கு வருவாய் குறைகிறது. டிக்கெட் விலை எவ்வளவு ஏறினாலும் தேதியை மாற்றாமல் இருந்தவர்கள் கொடுத்ததும் நன்கொடைதான். தவிர்க்க முடியாமல் கூடுதல் நாள் தங்க நேர்ந்தால், கிளம்பும் முன்பே அலுவலகத்தில் தனிப்படிப்பு ஒப்பந்தம் போட முடியுமா என்று கேளுங்கள். பிள்ளை அங்கிருந்து பாடங்களை முடித்து அனுப்பினால் வருகை இழப்பு நேராது.

எதிர்வீட்டில் தனியாக வாழும் எண்பது வயது மூதாட்டி இருபது டாலரை உறையில் போட்டுக் கொடுத்தார். அவருடைய பேரப்பிள்ளைகள் வேறு மாநிலத்தில் படிக்கிறார்கள். "இந்தப் பள்ளிகள்தான் என் பிள்ளைகளை வளர்த்தன" என்று மட்டும் சொன்னார். இந்த மடலை மொழிபெயர்த்து அவருக்கு வாசித்துக் காட்டப்போகிறேன்.

ரசீதுகள் இம்மாத இறுதிக்குள் மின்னஞ்சலில் வரும். அறக்கட்டளையின் வரி அடையாள எண் அதன் அடியில் இருக்கும்; வருமான வரிக் கணக்குக்கு அதைப் பத்திரப்படுத்துங்கள். ஊழியர் கொடுப்பதற்கு நிகராகத் தாமும் கொடுக்கும் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் அந்த ரசீதை நிறுவனத் தளத்தில் ஏற்றிவிடுங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கெடு உண்டு, அது கடந்தால் கிடைக்க வேண்டிய பணம் கிடைக்காமலே போகும். எங்கே ஏற்றுவது என்று புரியாவிட்டால் என்னை அழையுங்கள், உடன் உட்கார்ந்து செய்து தருகிறேன். பிடி அறுந்த டிராம்போன் பெட்டிகள் மூன்று என் கராஜில் இன்னும் காத்திருக்கின்றன. ஐயா ஊருக்குத் திரும்பிவிட்டார். ஊசியும் தடித்த நூலும் கையாளத் தெரிந்தவர்கள் சனிக்கிழமை காலை வந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

நன்றியுடன்,
அறக்கட்டளைத் தன்னார்வலர்களின் சார்பில்,
இர்விங்டன் பகுதித் தாய் ஒருவர்