இன்னொரு நுண்ணலைச் சோதனைக்கு அனுமதி தருமுன்

டெல்லி ஆய்வகங்களின் விலங்கு நெறிமுறைக் குழுக்களில் இருக்கும் தமிழ் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இங்கே ஓர் ஆய்வகத்தின் அனிமல் ஹவுஸில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன் நான். விஸ்டார் என்ற ஆய்வக இன எலிகளுக்குத் தீனி வைப்பது, கூண்டு கழுவுவது, கடைசி நாளில் அறுத்துக் கொடுப்பது எல்லாம் என் கைதான். மைக்ரோவேவ் என்கிற நுண்ணலைக் கதிர் விந்தணுவை என்ன செய்கிறது என்று பார்க்கும் சோதனைகள் என் கண்முன் நடந்தன. உங்கள் அனுமதி இல்லாமல் ஓர் எலியைக்கூடத் தொட முடியாது. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

விந்தகத்தை ஒட்டி விந்தணு முதிர்ந்து சேரும் குழாய்தான் எபிடிடிமிஸ். அதன் வால் பகுதியை வெட்டி, 37 டிகிரி சலைனில், அதாவது உப்புநீரில், நறுக்கிப் போட்டால் பால் விட்டதுபோல் கலங்கும். அதில் ஒரு துளியை கட்டம் போட்ட நியூபாவர் கண்ணாடியில் விட்டு, மைக்ராஸ்கோப்பில் கட்டம் கட்டமாக எண்ண வேண்டும். நீந்துவது எது, நின்ற இடத்திலேயே துடிப்பது எது என்று முடிவு செய்வது மனிதக் கண். எங்கள் இடத்தில், எந்தக் குப்பி எந்தக் கூண்டுடையது என்று எண்ணியவருக்குத் தெரியும். லேபிளிலேயே எழுதியிருக்கும். அவர் பொய் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டுங்கெட்டானாக ஒரு விந்தணு வரும்போது, விடை தெரிந்த கண் ஒரு பக்கம் சாயத்தான் செய்யும்.

அதைவிட என்னை உறுத்துவது ஒரு மே மாதம். கதிர் காட்டிய எலிகள் இருந்த அறையில் ஏசி இரண்டு நாள் ஓடவில்லை. வெளியே அனல். ஒப்பிட்டுப் பார்க்க வைத்த, கதிர் காட்டாத கன்ட்ரோல் எலிகள் பக்கத்து அறையில், குளுகுளுவென்று. விந்தகம் உடம்பைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உருவாகும். பதிவேட்டில் அந்த இரண்டு நாளும் 'இயல்பு' என்றே எழுதப்பட்டது. அப்புறம் எண்ணிக்கை குறைந்தது, காரணம் கதிர் என்று தீசிஸ் வந்தது. கதிரா, வெயிலா? அந்த எலிகளை வைத்து இனி யாராலும் சொல்ல முடியாது.

நான் இருந்தது வேறு இடம், ஆனால் ஜேஎன்யூ, அதாவது ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் செய்து 2010-இல் வெளியான எலி ஆய்வைப் படித்திருக்கிறேன். 50 கிகாஹெர்ட்ஸ், தினம் இரண்டு மணி நேரம், 45 நாள். விந்தணுக்களில் மாற்றம் கண்டதாக எழுதினார்கள். அந்த அலைவரிசை தோலில் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காது. அப்படியிருக்க உள்ளே எப்படி எட்டியது என்ற கேள்வியே அடுத்த சோதனைக்கு நல்ல காரணம். இன்னொன்று, எலியில் ஒரு விந்தணு உருவாகச் சுமார் 52 நாள், பிறகு எபிடிடிமிஸைக் கடக்க இன்னும் ஒரு வாரத்துக்கு மேல். 45 நாளில் அறுத்தால் தொடக்கநிலைச் செல்லுக்கு நேர்ந்தது விந்தணுவில் தெரியாது.

ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலில் பார்க்கிறவர்கள் கேட்பார்கள்: "அண்ணா, எங்க மொட்டை மாடியில டவர் வைக்கப் போறாங்களாம். எலிக்கெல்லாம் பிள்ளை உண்டாகாம போச்சாமே, என் பையனுக்கு ஒண்ணும் ஆகாதே?" 2012 செப்டம்பரில் நம் நாட்டு செல்போன் டவர் கதிர் வரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒன்றாகக் குறைத்தார்கள் என்று சொல்வேன். எலியைப் பற்றிக் கேட்டால் வாய் அடைத்துவிடும். நானே அறுத்த எலிகளை நம்பி ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

அதனால் கேட்கிறேன். கருவியை அணைத்து வைத்து, மற்ற எல்லாம் அப்படியே செய்யும் ஷாம் குழு இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள். சிறு பெட்டியில் அடைபட்டாலே எலிக்குப் பயம், அந்தப் பயமே ஹார்மோனைக் குலைக்கும். இரண்டு குழுவும் ஒரே அறையில் இருக்கட்டும். வெப்பமானி மணிக்கொரு தடவை பதியட்டும். உடம்பு எவ்வளவு கதிரை வாங்கியது என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். எதுவும் மாறவில்லை என்றாலும் முடிவை வெளியிட எழுதி வாங்குங்கள்.

எண்ணுகிறவருக்குத் தெரியாமல் குப்பிகளுக்கு எண் ஒட்டிக் கலைத்து வைக்க ஆள் இல்லை என்று யாராவது சொன்னால் என்னைக் கூப்பிடுங்கள். சம்பளம் வேண்டாம், வந்து செய்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக ஊழியர் ஒருவர்