பிள்ளைகளுக்கு முதலில் எந்த ஓப்பனிங்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகப் பட்டம் வாங்கியதிலிருந்து எங்கள் வில்லாபுரம் பக்கம் செஸ் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். சந்தோஷம்தான். நான் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டை மாடியில் பாய் விரித்து தெருப் பிள்ளைகளோடு ஆடுவேன். கட்டணம் கிடையாது, யாராவது ஒரு வீட்டிலிருந்து பணியாரம் வந்துவிடும்.

போன மாதம் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தான் போகும் வகுப்பில் கொடுத்த தாளைக் கொண்டுவந்து காட்டினாள். பதினைந்து மூவ் வரைக்கும் சிசிலியன் நைடார்ஃப் என்ற ஓப்பனிங், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் மூவ் வரிசை. மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அவளும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறாள். சரி, ஆடிப் பார் என்று பக்கத்து வீட்டுப் பையனுக்கு எதிரே கறுப்புக் காயோடு உட்கார வைத்தேன். அவன் சிப்பாயை இ4-இல் வைத்தான் (எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை), இவள் சி5. நைடார்ஃபை அவன் எங்கே கண்டான்? இரண்டாவது மூவிலேயே பிஷப்பை சி4-க்குக் கொண்டுவந்துவிட்டான். இவள் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தாத்தா, இது தாள்ல இல்லையே!"

அந்தத் தாளில் ஐந்தாவது மூவ் ஏ6. ஓரத்துச் சிப்பாய் ஒரு கட்டம் நகர்கிறது. வெள்ளைக் குதிரையும் பிஷப்பும் பி5-க்கு வராமல் தடுப்பது அதன் ஒரு வேலை. அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது நிறைய ஆடி அடி வாங்கியவர்களுக்குத்தான் விளங்கும். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது வெறும் எழுத்தும் எண்ணும்.

வெள்ளைக்கு இட்டாலியன் என்ற ஓப்பனிங் போதும் என்பது என் கட்சி. சிப்பாய் இ4, நடுவில் இடம் பிடிக்க. குதிரை எஃப்3, எதிரியின் இ5 சிப்பாயைக் குறிவைக்க. பிஷப் சி4, எஃப்7 கட்டத்தைப் பார்த்தபடி. தொடக்கத்தில் அந்தக் கட்டத்துக்கு ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. நாலாவது மூவில் கேஸ்லிங்கே (ராஜாவை ஓரமாக ஒதுக்கி, யானையை அதன் மறுபக்கம் கொண்டுவருவது) செய்துவிடலாம். ஒவ்வொரு மூவுக்கும் 'ஏன்' என்று கேட்டால் பிள்ளையே பதில் சொல்லும். எதிரி வேறு வழியில் போனாலும் அந்தக் காரணங்கள் கைகொடுக்கும்.

கறுப்புக்கு, இ4-க்கு இ5, டி4-க்கு டி5. ஆனால் நாலு மூவ் மேட்டுக்கு, அதாவது நாலே மூவில் ராஜாவை மடக்கித் தோற்கடிப்பதற்கு, மாற்று கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பாதிப் பிள்ளைகள் செஸ்ஸை வெறுப்பதே அதில் தோற்றுத்தான். பிஷப் சி4-இல் நிற்க, ராணி எச்5-க்கு வந்தால் பதறிப்போய்க் குதிரையை எஃப்6-க்கு எடுக்காதீர்கள். அடுத்த மூவில் ராணி எஃப்7-இல் மேட். இ5 சிப்பாயை சி6-இல் உங்கள் குதிரை காத்து நின்றால், ஜி6 என்று சிப்பாயை வைத்து ராணியை விரட்டுங்கள். அது எஃப்3-க்குப் போய் மறுபடி மிரட்டினால், அப்புறம் குதிரை எஃப்6. இப்போது ராணிதான் வீணாக அலைந்திருக்கிறது.

வெள்ளைக்கு லண்டன் சிஸ்டம் என்ற ஓப்பனிங் சுலபம் என்று பலர் சொல்கிறார்கள். வேலைக்குப் போகிற பெரியவர்களுக்குச் சரி. பிள்ளைகளோ எதிரி என்ன வைத்தான் என்றே பார்க்காமல் அதே வரிசையில் காய்களை அடுக்குகிறார்கள். கறுப்பு ராணி பி6-க்கு வந்து பி2 சிப்பாயைத் தின்ற பிறகுதான் தலை நிமிர்கிறார்கள்.

ஓப்பனிங்குக்கு இவ்வளவு போதும். மீதி நேரத்தில் ஒரு யானையும் ராஜாவும் மட்டும் வைத்து மேட் போடப் பழக்கலாம். ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே எதிரிக்கு நகர்த்த மூவ் இல்லாமல் போய் டிரா) ஆக்கிவிட்டு அழுகிற பிள்ளைகளை எங்கள் மாடியிலேயே பார்க்கலாம். குகேஷ் பட்டம் வாங்கிய கடைசி ஆட்டமும் ஓப்பனிங்கில் முடிவாகவில்லை. 55-ஆவது மூவில், எதிரே ஆடிய டிங் லிரன் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். யானைகளும் பிஷப்களும் வெட்டுப்பட்டு, ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்த குகேஷ் ஆட்டத்தை ஜெயித்தார்.

தங்கள் சிறுவர் பக்கத்தில் வாராவாரம் 'இரண்டு மூவில் மேட்' புதிர் வருகிறது. அதோடு ஒரு ஓப்பனிங்கின் முதல் ஐந்து மூவைக் காரணத்தோடு போடலாமே? புதிரின் பலகைப் படத்தையும் கொஞ்சம் பெரிதாக அச்சிடுங்கள். இப்போதைய அளவில் கறுப்புப் பிஷப் எது, சிப்பாய் எது என்று எனக்குத் தெரியவில்லை, என் கண்ணாடியைப் போட்டுப் பார்த்த பேரனுக்கும் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
வில்லாபுரம், மதுரை.