பழம் காணாது, அதனால் இந்த மடல்

கிளிநொச்சி வட்டக்கச்சி அயலவர்களுக்கும், தூரத்திலிருந்து கைகொடுத்த உறவுகளுக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டு ஸ்ட்ரோபெரியில் இந்த முறை பழுத்துக் கைக்கு வந்தது மொத்தம் 11 பழம். அம்மாவுக்கு 4, அயல் பிள்ளைகளுக்கு 6, எனக்கு 1. உதவிய ஆட்களுக்கு ஆளுக்கொன்று கொடுக்கக் காணாது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் நன்றி மச்சானுக்கு. நுவரெலியாவில் கரட்டும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியால் வருகிற லொறியில், தன் இருக்கைக்குப் பக்கத்தில் ஈரத்துணி சுற்றி 6 கன்று கொண்டுவந்து தந்தார். 6,000 அடிக்கு மேலே குளிரில் நின்றது இந்த வெக்கைக்குள் நிற்குமா என்று கேட்டேன். "நிண்டால் எனக்கொரு பழம் தா, நிக்காட்டி எறி" என்றார். மச்சான், உங்கள் பழம் கணக்கில் இருக்கிறது. பழம்தான் இல்லை.

ஐப்பசிக் கடைசியில் நட்டேன். கன்று ஆடக்கூடாது என்று ஆழமாகத் தாட்டு, மண்ணை நன்றாக அணைத்தும் விட்டேன். கார்த்திகை மழைக்கு 2 கன்று அழுகிப் போயிற்று. அடுத்த ஒழுங்கையில் இருக்கிற இளைப்பாறிய விவசாயப் போதனாசிரியர் ஐயா வந்து பார்த்தார். ஏசவில்லை. விரலால் மண்ணைக் கிளறி, குருத்து மண்ணுக்கு மேலே தெரியவேண்டும், வேர் மட்டும்தான் உள்ளே என்று காட்டினார். மிச்சம் 4 கன்றையும் அடியில் ஓட்டை போட்ட உரப்பைகளில், மணலும் மக்கிய சாணியும் கலந்து தூக்கி நட்டோம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் சவர். இந்தச் செடிக்கு உப்பு ஆகாது என்று மழைத்தண்ணீரைப் பீப்பாயில் பிடிக்க வைத்ததும் அவர்தான். காலை வெயில் போதும், மத்தியானத்துக்குப் பிறகு வேம்பின் நிழல் விழவேண்டும் என்று இடத்தையும் அவரே பார்த்துத் தந்தார்.

மார்கழியில் வெள்ளைப் பூ வந்தது. முதல் காய் ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் சூம்பிக் கிடந்தது. நோய் என்று பயந்து போனேன். பத்தாம் வகுப்புப் படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளை சிரித்தாள். நாங்கள் விதை என்று சொல்லுகிற அந்தப் புள்ளிகள்தான் உண்மையான பழமாம். ஒவ்வொன்றுக்கும் மகரந்தம் சேர்ந்தால்தான் அதைச் சுற்றியுள்ள சதை பருக்குமாம். மழை நாளில் தேனீ எங்கே வரும்? தன்னுடைய சித்திரத் தூரிகையைக் கொண்டுவந்து, காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் ஒவ்வொரு பூவையும் வட்டமாகத் தடவிவிட்டுப் போனாள். பிறகு வந்த காய்கள் ஒழுங்கான வடிவம். மகளே, உனக்கு 2 பழம் தந்தது அதற்குத்தான், மற்றப் பிள்ளைகள் கோபிக்கக் கூடாது.

காய்க்கும்வரை ஒருவருக்கும் அதில் அக்கறை இல்லை. சிவக்கத் தொடங்கியதும் ஊரிலுள்ள கொண்டைக்குருவி, அணில், எறும்பு, நத்தை எல்லாம் வந்துவிட்டன. நத்தைக்குப் பயந்து உரப்பைகளைப் பழைய மேசையில் ஏற்றினேன். எறும்பு ஏறாமல் மேசையின் 4 காலையும் தண்ணீர் ரின்னுக்குள் வைக்கச் சொன்னது அம்மா. முந்தி சாப்பாட்டு அலுமாரிக்குச் செய்த வேலைதான். நுளம்பு பெருகாமல் இரண்டு நாளுக்கொருமுறை தண்ணீரை மாற்றவேண்டும், அவ்வளவுதான். காய் ஈரமண்ணில் படுத்தால் சாம்பல் பூஞ்சை பிடிக்கும் என்பதால் வைக்கோல் தேவைப்பட்டது. காலபோக நெல் அறுவடை முடிந்த கையோடு, மழை படாத காய்ந்த வைக்கோல் ஒரு கட்டு அனுப்பிய முரசுமோட்டை மாமிக்கு நன்றி.

குருவி வராமல் மூட வலை தந்தவர் முல்லைத்தீவு மாமா. அவருடைய வலையில் ஒரு பிழையும் இல்லை; போட்ட விதம்தான் பிழை. செடிக்கு மேலே சும்மா விரித்து, மிச்சத்தை நிலத்தில் தொங்கவிட்டேன். கொண்டைக்குருவி வலைக்கு மேலே இருந்தே கொத்தியது. அதுகூடப் பரவாயில்லை, மூன்றாம் நாள் விடிய ஒரு சாரைப்பாம்பு கீழ்த் தொங்கலில் சிக்கி முறுக்கிக் கிடந்தது. எலி பிடிக்கிற பாம்பு, வயலுக்கு வேண்டிய சீவன். முன்வீட்டுத் தம்பி ஈரச் சாக்கால் தலையை மூடி, கத்தரிக்கோலால் கண்ணி கண்ணியாக வெட்டி விட்டான். அரைமணி நேரம். நான் தூர நின்று கத்தியதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. தம்பி, அந்த நன்றி பாம்பு சார்பிலும் சேர்த்து. பிறகு அவனே கிளுவைத் தடியால் சட்டம் கட்டி, வலையை விறைப்பாக இழுத்து, நிலத்தில் படாமல் மேசை விளிம்போடு கட்டினான். குருவியின் அலகு எட்டாத உயரம்.

அணிலுக்கு வலை ஒரு பொருட்டே இல்லை, கடித்துக்கொண்டு போகும். தையல் அக்கா பழைய நுளம்பு வலையில் சின்னச் சின்னப் பை தைத்துத் தந்தார். பூவில் போட்டால் தேனீ நுழையாது. இதழ் கொட்டிக் காய் தெரிந்த பிறகு போட்டு, நூலால் கட்டினேன். 3 பையை அணில் கடித்துக் கிழித்தது உண்மை. பை இல்லாவிட்டால் 11 பழத்தில் ஒன்றும் மிஞ்சியிராது.

குருவிக்குப் பயந்து பாதி சிவப்பில் ஒன்றைப் பிடுங்கிச் சாடிக்குள் வைத்துப் பார்த்தேன். நிறம் கொஞ்சம் ஏறியது, இனிப்பு ஏறவில்லை. மாம்பழம் மாதிரி வைத்துப் பழுக்கவைக்கிற சாமான் இல்லை இது. காம்படி வரைக்கும் சிவக்கவிட்டு, விடியக்காலையில் காம்போடு கிள்ளவேண்டும். அந்தப் புளிப்புப் பழம்தான் என் பங்குக்கு வந்தது.

இப்போது வெயில் ஏறுகிறது, பூ நின்றுவிட்டது, கொடி ஓடுகிறது. அந்தக் கொடியில் வந்த 9 பிள்ளைக்கன்று யோகட் கோப்பைகளில் வேர் பிடித்திருக்கிறது. மேலே நன்றி சொன்னவர்களுக்கு முதலில். வரும்போது ஓட்டை போட்ட உரப்பை ஒன்று கொண்டுவாருங்கள். முல்லைத்தீவு மாமா, வலை அடுத்த தை வரைக்கும் என்னிடமே இருக்கட்டும்.